துலா மிதித்த கந்தையர்

உரும்பிராய்த் தோட்டத்தில் தம்பி பூட்டிய சூரியமின் மோட்டர் சத்தமில்லாமல் தண்ணீர் இறைத்தது. நனைந்த செம்மண் மணத்தில், மண்ணெண்ணெய் கிடைக்காத போர்க்காலம் நினைவுக்கு வந்தது.

அப்போது இறைப்பு மெஷின் நின்று, வெங்காயம் வாடத் தொடங்கியிருந்தது. கிணற்றில் பழைய துலா, ஆள் ஏறி மிதிக்கும் ஏற்றமரம், இருந்தது. அப்பா கீழே நின்று பனையோலைப் பட்டையால் தண்ணீர் மொள்ளலாம். மேலே ஏறி மிதிக்கத்தான் ஆளில்லை. வேலிச் சண்டையால் எங்களோடு கதைக்காத பக்கத்துத் தோட்டக் கந்தையர் ஒரு காலை வந்து துலாவில் ஏறினார்.

“பயிர் என்ன பாவம் செய்தது? பட்டையைப் பிடியும்,” என்றார்.

அப்பா பட்டையைப் பிடித்தார். வாய்க்காலில் தண்ணீர் ஓடியதும் அண்ணாந்து பார்த்தார்.

“இறங்கி வாங்கோ அண்ணை. தேத்தண்ணி குடிச்சிட்டு மிதிக்கலாம்.”

அடுத்த நாள் கந்தையரின் கிணற்றில் அப்பா துலா மிதித்தார். இரண்டு தோட்டத்து வெங்காயமும் பிழைத்தது. இன்று கந்தையரின் மகனும் தம்பியும் ஒரே மோட்டரில்தான் இறைக்கிறார்கள்.