டிஸ்க்கைப் படித்தது யார்?

இது நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. கதை கட்டிப் பேர் வாங்கும் ஆசையோ தெம்போ ருமில்டாவுக்குக் கிடையாது. பகல் முழுக்க ஸ்குரூ டிரைவரோடு மல்லுக்கட்டிவிட்டு ஏழு மணிக்கெல்லாம் காலை நீட்டிவிடுகிற பெண்பிள்ளை அவள். அவளுடைய ரிப்பேர் கடைக்கு எதிர்வீட்டில் இருபது வருஷமாக இருக்கிறேன். இதை என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள்.

பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளை என்று எதிர்பார்க்காதீர்கள். இது பட்டப்பகலில், பராகுவே நதிக்கரையில் இருக்கும் எங்கள் பிலார் ஊரில், ஜனவரி வெயிலில் நடந்தது. மதியம் ஒரு மணிக்குமேல் இங்கே எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவோம். தெருவில் ஈ காக்கை இருக்காது. அந்த நேரத்தில் அடுத்தவர் வாசலில் நின்று கைதட்டிக் கூப்பிடுகிறவனை நாங்கள் மனுஷனாகவே மதிப்பதில்லை.

வந்த வேலை தோன் எலியோடோரோவுடையது (பெரியவர்களை நாங்கள் 'தோன்' போட்டுத்தான் கூப்பிடுவோம்). எழுபது வயதுப் பள்ளிக்கூடப் போட்டோக்காரர். எங்கள் ஊரில் ஆறாம் வகுப்பு முடித்த பிள்ளைகளை எல்லாம் பெஞ்சில் ஏற்றி நிறுத்திப் படம் எடுத்தவர். அச்சடித்த படங்களை ஆற்று வெள்ளம் கொண்டுபோய்விட்டது. மிச்சம் இருந்தது கம்ப்யூட்டருக்குள் இருந்த ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க். அதில் இருபத்திரண்டு வருஷப் படங்கள். வேறு நகல் கிடையாது. கரண்ட் ஏறி இறங்கியதில் மதர்போர்டு கருகிப்போக, பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"போர்டு செத்தா செத்துட்டுப் போகட்டும்மா. டிஸ்க்கைக் காப்பாத்திக் குடு. இதுல இருக்கற பாதிப் பசங்க பொழப்பு தேடி எங்கெங்கயோ போய்ட்டாங்க. அவங்க அம்மாக்காரிங்க படத்துக்கு என்கிட்டதான் வந்து நிக்கறாங்க."

"நகல் எடுத்து வைங்கன்னு எத்தன தடவ சொன்னேன், தோன் எலியோ?"

"என் பொண்டாட்டி நாப்பது வருஷமா சொல்றதையே நான் கேக்கல. நீ சொல்லிக் கேட்டுடுவேனா?"

அந்தக் காலத்துப் போர்டு புதிதாகக் கிடைக்காது. ருமில்டா பின்னறை அலமாரிக்குப் போனாள். தொண்ணூறு நாளுக்குள் வாங்கிப் போகாத மெஷினுக்குக் கடை பொறுப்பில்லை என்று சுவரில் ஒட்டியிருக்கும். இங்கே எல்லா ரிப்பேர் கடையிலும் அப்படித்தான். யாரும் வாங்க வராத மெஷினைப் பிரித்துத்தான் அடுத்த மெஷினுக்கு உயிர் கொடுப்பார்கள். அவளும் ஒரு பழுப்பு நிறப் பெட்டியிலிருந்து போர்டைக் கழற்றி மாட்டினாள். பொருந்தியது. பெட்டி யாருடையது என்று அவளுக்குத் தெரியும். அதை நினைக்காமல் மாட்டினாள்.

வியாழக்கிழமை, மதியம் 12.50. கம்ப்யூட்டர் எழுந்தது. பக்கத்தில் காலி டிஸ்க் ஒன்றை மாட்டி, முதல் வேலையாகப் படங்களை நகலெடுக்கப் போட்டாள். நொடிக்கு நூறு மெகாபைட்டுக்குமேல் ஓட வேண்டியது, கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையாக ஒன்றுக்கும் கீழே வந்து நின்றது. திரையில் மீதி நேரம் போட்டது. நாற்பத்தொரு நாள்.

போர்டு மாற்றினால் இப்படி ஆவது உண்டுதான். அவள் ஆயிரம் பார்த்தவள். அணைத்து, டிஸ்க்கின் கேபிளை மாற்றினாள். அதே வேகம். மறுபடி அணைத்து, வேறு துளையில் செருகி, போர்டின் அடிப்படை அமைப்பான பயாஸில் டிஸ்க் ஓடும் முறையையும் சரியாக மாற்றி வைத்தாள். இந்தத் தடவை டிஸ்க் சுற்றவே மறுத்தது. இரண்டு தடவை முக்கியது. மூன்றாவது தடவைதான் உயிர் வந்தது. வேகம் மட்டும் வரவில்லை. போர்டுக்கான டிரைவரைப் புதிதாக ஏற்றிப் பார்த்தாள். ஊஹூம்.

சுவிட்சுக்குப் போன கையை இழுத்துக்கொண்டாள். சாகப்போகிற டிஸ்க் முதலில் மெதுவாகும். அந்த நிலையில் அணைத்தால் மறுபடி எழாது. அது அவளுக்கு அனுபவப் பாடம்.

போன செப்டம்பரில் நிமியா என்கிற அம்மாள் ஒரு மெஷினைக் கொண்டுவந்தாள். செத்துப்போன மகனின் படங்கள் மொத்தமும் அதில்தான் இருந்தன. அந்த டிஸ்க்கும் இப்படித்தான் மெதுவாக ஓடியது. ருமில்டா அசதியில், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று அணைத்துவிட்டுப் போனாள். மறுநாள் அது சுற்றவில்லை. பிறகு அக்டோபரில், எங்கள் மாதா திருநாளுக்கு மறுநாள், பதின்மூன்றாம் தேதி, எல்லாரும் தூங்குகிற நேரத்தில் வாசலில் கைதட்டல் கேட்டது. நிமியா நின்றாள்.

"கெடச்சுதாம்மா?"

"டிஸ்க்கு வர்றப்பவே செத்துதான் வந்துச்சு," என்று ருமில்டா பொய் சொன்னாள்.

நிமியா மெஷினைக்கூட எடுக்காமல் போய்விட்டாள். தொண்ணூறு நாள் கழிந்தது. பழுப்புப் பெட்டி அவளுடையதுதான்.

அதனால் இந்தத் தடவை ருமில்டா அணைக்கவில்லை. உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருந்தது. நாற்பத்தொரு நாள் ஆனாலும் உட்காருவது என்று ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். கடைக் கதவு பாதி இறங்கியிருந்தது. குவளையில் மூலிகைத் தண்ணீரின் ஐஸ் கரைந்துகொண்டிருந்தது.

மணி 1.50. டிஸ்க்கிலிருந்து சத்தம் வந்தது.

கிடுக்... கிடுக்...

ஒரு சத்தத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் ஏழெட்டு நொடி இடைவெளி இருந்தது. கெட்டுப்போன டிஸ்க் இப்படி நிதானமாகச் சத்தம் போடாது. கொஞ்சம் ஓய்வு கொடுக்கலாம் என்று நகலெடுப்பதை நிறுத்தினாள்.

சத்தம் நிற்கவில்லை. விளக்கும் அணையவில்லை.

அப்படியென்றால் டிஸ்க்கை வேறு ஏதோ படித்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் அவளுக்கு வேகம் கிடைக்கவில்லை. எந்த புரோகிராம் எந்தக் கோப்பைப் படிக்கிறது என்று காட்டும் பட்டியலைத் திறந்தாள்.

புரோகிராம் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி.

கோப்பின் பெயர் மட்டும் இருந்தது. 2004-ஆம் வருஷம், ஒரு வகுப்புப் படம்.

கிடுக்... அடுத்த படம்.

கிடுக்... அடுத்தது.

ஒன்றைக்கூட விடவில்லை. ஒரு வகுப்புப் படத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்க்க ஒரு மனுஷருக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம்.

1.58. வாசலில் கைதட்டல். மூன்று தடவை.

குனிந்து எட்டிப் பார்த்தாள். வெயில். லாரி நிழலில் ஒரு நாய் அசையாமல் படுத்திருந்தது. வேறு யாரும் இல்லை. (நான் தட்டவில்லை. நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன்.)

திரும்பி வந்தாள். 2007... 2008...

அணைத்துவிடலாமா?

அணைத்தால் எலியோடோரோவின் டிஸ்க் போய்விடும். ஊர்ப் பிள்ளைகள் மொத்தமும் போய்விடும். இன்னொரு பொய் சொல்ல அவளுக்கு வாய் இல்லை.

பயத்தில் அழுதாள். ஆனால் அணைக்கவில்லை.

2010...

2.31.

2011.

சத்தம் நின்றது.

விளக்கு மட்டும் எரிந்தது. சிமிட்டவே இல்லை.

ஒரு நிமிஷம்... ஐந்து... ஒன்பது...

அதே படம்.

அறைக்குள் யாரோ மூச்சு விட்டார்கள். நெடுநேரம் அடக்கி வைத்திருந்த மூச்சு மாதிரி.

2.40.

விளக்கு அணைந்தது.

வெகுநேரம் அவள் நகரவில்லை. பிறகு மறுபடி நகலெடுக்கப் போட்டாள். நொடிக்கு நூற்றுப் பதினெட்டு மெகாபைட். ஒரு மணி நேரத்துக்குள் அத்தனை படங்களும் பத்திரமாக இறங்கிவிட்டன.

சனிக்கிழமை எலியோடோரோ வந்தார். சந்தோஷத்தில் அவள் நெற்றியில் முத்தம் கொடுத்தார். அவள் அந்த 2011 படத்தைத் திறந்து காட்டினாள். முப்பத்திநாலு பிள்ளைகள்.

"இந்த செட்டுல யார் யாருன்னு ஞாபகம் இருக்கா, தோன் எலியோ?"

"ஏன் இல்லாம? இந்தா, ரெண்டாவது வரிசைல பல்லக் காட்டிட்டு நிக்கறான் பாரு, வில்மார். எடுக்கறப்பவும் சிரிச்சு ஒரே ரகளை. பாவம், பைக்ல அடிபட்டுப் போய்ட்டான். நிமியாவோட பையன்."

ருமில்டா அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்தாள். செய்ததை நிமியாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும், திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அன்று சாயங்காலமே கிளம்பினாள். வாசலில் நின்று கைதட்டினாள். நிமியாவின் தங்கை பிளாசிடா வந்தாள்.

"அக்காவா? உங்களுக்குத் தெரியாதா? போய்ச் சேந்து மூணு மாசத்துக்கு மேல ஆச்சேம்மா."

"எப்போ?"

"அக்டோபர் ஏழாந்தேதி. அஞ்சு நாள் கழிச்சு திருநாள் ஊர்வலம் இந்தத் தெரு வழியா போறப்போ நாங்க உள்ள ஒம்பது நாள் துக்க ஜெபம் சொல்லிட்டிருந்தோம். மெஷினப் போய்க் கேக்கணும், போய்க் கேக்கணும்னே சொல்லிட்டிருந்தா. போக முடியாமலே போய்ட்டா."

ருமில்டா படத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு, எப்படி வீடு வந்தாள் என்றே தெரியாமல் வந்தாள்.

பதின்மூன்றாம் தேதி கடைக்கு வந்தவளைப் பற்றி ருமில்டா யாரிடமும் சொல்லாத ஒன்றைக் கடைசியாக என்னிடம் சொன்னாள். அந்தப் பொய்யைக் கேட்டு நிமியா அழவில்லையாம். கோபப்படவும் இல்லையாம். கொஞ்ச நேரம் அலமாரிப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, மெதுவாகச் சொன்னாளாம்:

"பரவால்லம்மா. நான் வேற எங்கயாவது தேடிப் பாத்துக்கறேன்."