மதகுச் சக்கரத்தில் கட்டிய துணி

லோகநாயகிக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் வேலையில் அவளை யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது. புருஷன் பழனிவேலின் படகைத் தினமும் தண்ணீரில் தள்ளிவிடுவது அவள்தான்.

சிதம்பரத்துக்கு மேற்கே எங்கள் கொல்லிமேட்டு ஏரியில் படகு இறக்க மதகை ஒட்டிய சரிவைத் தவிர வேறு இடம் கிடையாது. மற்ற கரையெல்லாம் செங்குத்தான கல். மீனும் மதகு வாயில்தான் கூடும், ஆபத்தும் அங்கேதான். அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம். படகைத் தள்ளிவிட்டதும் பெண்கள் மேலே ஏறி, ஷட்டரைத் தூக்கும் இரும்புச் சக்கரத்தில் சிவப்புத் துணி கட்டுவோம். படகு கரையேறினால்தான் அவிழ்ப்போம். துணி இருக்கும்வரை மதகுக் காவலர் சக்கரத்தைத் தொடமாட்டார். எழுதிவைத்த சட்டமெல்லாம் இல்லை. வேலையை ஒப்படைக்கும்போது அடுத்தவரிடம் வாயால் சொல்லிவிட்டுப் போவார்கள்.

2010 ஐப்பசியில் பழைய காவலர் நெஞ்சுவலியில் திடீரென்று போய்ச் சேர்ந்தார். அவர் இடத்துக்கு வினோத்குமார் வந்தார். அதே வாரம் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியை மாட்டி, கரைக்குக் கீழே இருந்த காவலர் அறைக்கு ஒயர் இழுத்தார்கள். விளக்குப் போடப்போகிறார்கள் என்று சந்தோஷப்பட்டோம். எங்கள் புத்திக்கு அவ்வளவுதான் எட்டியது.

மழை விடாமல் பெய்து ஏரி தளும்பியது. ஒருநாள் காலை பழனிவேல் மதகு வாயில் வலையை இழுத்துக்கொண்டிருந்தார். சரிவில் நின்ற எனக்குக் காலடி மணல் கரைவது தெரிந்தது. தண்ணீர் இழுக்கிறது என்று லோகநாயகியிடம் சொன்னேன். அவள் மேலே பார்த்தாள். சக்கரம் அசையவில்லை, துணியும் அப்படியே இருந்தது.

"நான் கட்டியிருக்கேன். அப்புறம் எப்படிடீ தொறப்பாங்க?" என்று என்னைத்தான் திட்டினாள்.

சக்கரம் சுற்றாமலே அந்தப் பெட்டிக்குள் இருந்த மோட்டார் ஷட்டரைத் தூக்கியது மழைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி திரும்பியபோது படகு பக்கவாட்டில் மதகை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பழனிவேல் துடுப்பைப் போட்டு எதிர்த்தார், படகு கேட்கவில்லை. லோகநாயகி ஓடிப்போய் அந்த அறைக் கதவை இடித்தாள். வினோத்குமார் பதறி சுவிட்சை அணைத்தார். அதற்குள் படகு மதகு வாயில் மோதி உடைந்துவிட்டது. மதியம் பழனிவேலை வாய்க்காலில்தான் எடுத்தோம்.

காரியம் முடிந்த மறுநாள் வினோத்குமார் வந்து அவள் வாசலில் நின்றார். எங்கள் தெருவே அவரை அடிக்கக் காத்திருந்தது. எனக்கும் ஆத்திரம்தான். அவர் தலையைத் தூக்கவில்லை.

"அந்தத் துணி எதுக்குன்னு எனக்கு யாரும் சொல்லலக்கா."

லோகநாயகி வாசலுக்கு வந்தாள்.

"மோட்டார் வச்சத எங்களுக்கும் யாரும் சொல்லல தம்பி," என்றாள்.