முதல் சிட்டிகை

ஒரு சிட்டிகை கடுகைத் தராசுத் தட்டில் தூவிவிட்டு எண்ணைப் பார்க்கிறார் அழகுபாண்டி. பூஜ்யம். கொஞ்சம் பொறுத்து இன்னொரு சிட்டிகை. அதற்கும் பூஜ்யம். எதிரே நிற்கும் மசாலாக் கம்பெனி மேலாளர் இரண்டு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தாயிற்று. இவர் அசைகிற வழியாக இல்லை. பத்துப் பன்னிரண்டு சிட்டிகை போனபின் கடுகை முழுக்க ஒரு தாளில் வழித்தெடுத்து, தராசை ஒருமுறை அணைத்துவிட்டு மறுபடி போட்டு, ஒரே கொட்டாகக் கொட்டுகிறார். மூன்று கிராம்.

“இப்பச் சொல்லுங்க சார். இந்த மூணு கிராமை யாரு திருடுனது?”

அழகுபாண்டிக்குப் பழங்காநத்தத்தில் கடை. இருபத்தாறு வருடமாகக் கம்பெனிகளுக்குத் தராசு தேர்ந்து கொடுக்கிறார். ஒரு கம்பெனிக்குள் நுழைந்ததும் அண்ணாந்து மின்விசிறி எங்கே என்று பார்ப்பார். பிறகு மேசைமேல் உள்ளங்கையை வைத்து, பக்கத்து அறை அரைவை மெஷினின் அதிர்வு வருகிறதா என்று கண்ணை மூடிக் கவனிப்பார். வாங்க வருகிறவர்கள் எல்லாரும் எத்தனை கிலோ தாங்கும் என்றுதான் கேட்பார்கள். அவர் பதிலுக்குக் கேட்பது, “நீங்க நிறுக்கிறதுலயே ரொம்பப் பொடிசு எது?” சட்டைப்பையில் எந்நேரமும் ஒரு மாத்திரை டப்பா நிறையக் கடுகு. “தாளிக்கக் கடுகு இல்ல, மிசினுக்கு மட்டும் இருக்கு” என்று மனைவி கனகலட்சுமி சடைத்துக்கொள்வார்.

இந்தப் புத்தியெல்லாம் பிந்தி வந்தது. நாலு வருடத்துக்கு முன் திருமங்கலம் சாலையில் ஒரு லேகியக் கம்பெனி முதலாளி வெல்லத்துக்கும் குங்குமப்பூவுக்கும் சேர்த்து ஒரே தராசு கேட்டார். “அதெல்லாம் ஒண்ணே போதும் மொதலாளி” என்று பத்துக் கிலோ தராசு ஒன்றைத் தலையில் கட்டிவிட்டு வந்தார் அழகுபாண்டி. நல்ல தராசுதான், வெல்லத்துக்கு.

அங்கே குங்குமப்பூ நிறுத்தவர் எழுமலைக்காரர் இருளாயி. ஒரு கொப்பரை லேகியத்துக்கு இருபது கிராம். பவுன் மாதிரிச் சரக்கு என்பதால் அந்தம்மா சிட்டிகை சிட்டிகையாகக் கிள்ளிப் போடுவார். நிறுத்ததை உடனே கொப்பரையில் கொட்டிக் கிண்டிவிடுவார்கள். மாதக் கடைசியில் பார்த்தால் டப்பாவில் பூ குறைந்தது. அப்புறம் தினமும் டப்பாவை நிறுத்துப் பார்த்தார்கள். முதலாளியின் மைத்துனன் நிறுத்த நாட்களில் சரியாக இருந்தது. இருளாயி நிறுத்த நாட்களில் மட்டும் இடித்தது. தராசைச் சோதிக்க அழகுபாண்டியைக் கூப்பிட்டார்கள்.

இருபது கிராம் எடைக்கல்லை வைத்தார். இருபது என்று காட்டியது. “மிசினு பொய் சொல்லாது மொதலாளி” என்றார்.

வாசலில் நின்ற இருளாயி, “கிள்ளிக் கிள்ளித்தாண்ணே போட்டேன். ஒரு நூலுகூடக் கீழ விழுகல” என்றார். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. சோதனைத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு இவர் வண்டியை எடுக்கும்போது, கேட்டருகே எல்லார் முன்னாலும் அந்தம்மா முந்தானையை உதறிக் காட்டிக்கொண்டிருந்தார். ஒரு பஸ் டிக்கெட் விழுந்தது. மறுநாளிலிருந்து வேலை இல்லை.

எட்டு மாதம் கழித்து, வேறொரு கம்பெனியில் அதே ரகத் தராசில் யாரோ சாயத்தூளைத் தூவித் தூவி நிறுக்கும்போதுதான் இவருக்கு உறைத்தது. தூசிக்கும் காற்றுக்கும் எண் ஆடாமலிருக்க, மிகச் சின்ன எடையைத் தராசு தானாகவே பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். நிதானமாகக் கிள்ளிப் போட்டால் முதல் இரண்டு மூன்று கிராம் அதன் கண்ணில் படவே படாது. மைத்துனன் அள்ளிக் கொட்டினான், தப்பித்தான். பதறாமல் நிறுத்த பாவத்துக்கு இருளாயி திருடி ஆகிப்போனார். குறைந்த பூவெல்லாம் லேகியத்துக்குள்தான் போயிருக்கிறது. இத்தனை வருடத் தொழிலில் இதுகூடத் தெரியாத மடையனா நான் என்று அழகுபாண்டிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

முதலாளியிடம் போய்ச் சொன்னார். “ஆளு போயி எம்புட்டு நாளாச்சு. விடு அழகு” என்றார் அவர். ஆரப்பாளையத்தில் எழுமலை பஸ் ஏறி, முகத்தில் முழிக்கத் தெம்பில்லாமல் உசிலம்பட்டியிலேயே இறங்கித் திரும்பினார் ஒருமுறை. மறுமுறை போய்ச் சேர்ந்தார். இருளாயி கடலைக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தார். இவர் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை களைக்கொத்தைக் கீழே வைக்கவில்லை.

“நான் எடுக்கலைன்னு எனக்குத் தெரியும்ணே. எங்கிட்ட எதுக்குச் சொல்ல வாரீக? தெரியாதவுககிட்டப் போயிச் சொல்லுங்க.”

அதிலிருந்துதான் கடுகு. போகிற கம்பெனியெல்லாம் தூவிக் காட்டியாயிற்று. சொல்லியே ஆகவேண்டிய ஓரிடம் மட்டும் பாக்கி. போன வாரம் அந்த லேகியக் கம்பெனியிலிருந்தே கூப்பிட்டார்கள். பூவுக்கென்று தனியாக, நுணுக்கமாக நிறுக்கிற தராசு வேண்டுமாம். கொண்டுபோய் இறக்கினார்.

“மொதலாளி, வேலையாளுக அம்புட்டுப் பேரையும் கூப்பிடுங்க. ஒண்ணு காட்டணும்.”

“அவுக வேலையைக் கெடுக்காத. புதுசை வச்சுட்டு, பழசைத் தூக்கிட்டுப் போ.”

தூக்கிக்கொண்டு வந்தார். சாப்பாட்டு நேரம். கேட்டருகே குழாயடியில் பத்துப் பதினைந்து பேர் தூக்குச்சட்டி கழுவிக்கொண்டிருந்தார்கள். அழகுபாண்டி காவலாளியின் ஸ்டூலை இழுத்து, அன்றைக்கு அந்தப் பஸ் டிக்கெட் விழுந்த இடத்தில் போட்டு, பழைய தராசை அதன்மேல் வைத்தார். பேட்டரியில் இன்னும் உயிர் இருந்தது.

“செத்த நேரம் எல்லாரும் இங்கிட்டு வாங்க. இருளாயி நிறுத்தது இப்படித்தான்” என்று டப்பாவைத் திறந்து, முதல் சிட்டிகையை எடுத்தார்.