மழைக்கென்று ஒரு பலகை

அவர் ஓர் அச்சகத்தில் முப்பது வருடம் நான்கு வண்ண மெஷின் ஓட்டியவர். ஒரு வண்ணம் மயிரிழை விலகினாலும் கண்ணில் பட்டுவிடும். வீட்டில்தான் எதையும் கவனிப்பதில்லை என்பது மனைவியின் புகார். அவர் வேலையில் இருந்த ஒரு நாள் அவள் நெஞ்சுவலியில் விழுந்தாள். அவர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அவளுடைய தம்பி பஸ் கண்டக்டர். அக்கா இருந்தவரை ஞாயிறு தவறாமல் வருவார். அவள் போன பிறகும் வந்தார். கால் பழகிய வழி. ஆனால் அந்த வீட்டில் பேச்சை ஓட்டியவளே அவள்தான். இப்போது இருவரும் ஆளுக்கொரு நாற்காலியில் உம்மென்று உட்கார்ந்திருப்பார்கள்.

ஒரு ஞாயிறு மேஜைமேல் ஒரு புத்தகம் கிடந்தது. மரப்பலகையில் செதுக்கி அச்சிட்ட ஜப்பானிய ஓவியங்கள். ஒவ்வொன்றின் கீழும் தமிழில் ஒரு குட்டிக் கவிதை. மெஷின்காரர் அச்சிட்டதுதான். ஓரம் மடங்கிப்போன பிரதி என்று வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்.

கண்டக்டர் புரட்டினார். கொட்டும் மழையில் ஆற்றைக் கடக்கும் படகு.

"பதினோரு பேரு. ஓவர்லோடு."

மெஷின்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல மாதங்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு.

"இந்த மழைக்குன்னே தனியா ஒரு பலகை செதுக்கியிருக்கான் மாப்ள. நீலத்துக்கு வேற பலகை. ஒண்ணு மேல ஒண்ணா கையாலயே தேய்ச்சு எடுத்திருக்கான். துளி விலகல பாரு."

"கவிதைய நான் படிக்கட்டுமா அத்தான்?"

நிறுத்தங்களின் பெயரைக் கூவிக் கூவித் தடித்த குரல், மூன்று வரியை மெல்லப் படித்தது. அன்றிலிருந்து வாரம் ஒரு பக்கம்.

சில வாரம் கழித்து ஒரு பக்கத்தில் ஒரு பெண் வந்தாள். முதுகு காட்டி உட்கார்ந்து தலை வாருகிறாள்.

"கூப்பிட்டிருந்தால்
திரும்பியிருப்பாள்.
ஈரக் கூந்தல்."



"அன்னைக்குக் காலைல, ஒரு மாதிரியா இருக்கு, போகாதீங்கன்னா," என்றார் மெஷின்காரர். "அவசர வேலைன்னு போயிட்டேன்."

கண்டக்டர் புத்தகத்தை மூடினார். "எனக்கும் போன் பண்ணுச்சு அத்தான். வண்டில கூட்டம். அப்புறம் பேசிக்கலாம்னு விட்டுட்டேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை.

மூன்றாவது ஞாயிறு மெஷின்காரர் புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். அழைக்காமல் மைத்துனர் வீட்டுக்கு அவர் போவது அதுதான் முதல் தடவை.

"வாங்கண்ணே," என்று கதவைத் திறந்தாள் மைத்துனரின் மனைவி. "ரெண்டு வாரமா யாரோடயும் பேச மாட்டேங்கறாரு."

அவர் மைத்துனரின் பக்கத்தில் உட்கார்ந்து பக்கத்தைப் புரட்டினார். கூரைகள்மேல் பனி.

"இங்க மையே இல்ல மாப்ள. வெறும் காகிதம். அதத்தான் பனின்னு விட்டிருக்கான்."

கண்டக்டர் படிக்கத் தொடங்கினார். இரண்டாவது வரியில் நிறுத்திப் புத்தகத்தை அத்தான் பக்கம் நகர்த்தினார். மிச்சத்தை மெஷின்காரர் தட்டுத்தடுமாறிப் படித்து முடித்தார்.

கதவோரம் நின்றிருந்த மைத்துனரின் மனைவி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"எனக்கும் காட்டுங்க," என்றாள்.