குழாயடியில் மாத்தாடக் கூடாது

என் இட்லியைக் கொண்டு தேங்காய் உடைக்கலாம் என்று குழாயடியில் சொன்னவள் மூன்றாம் வீட்டுக்காரி. அதுவும் என் காதுபடவே. அதற்குப் பிறகு நான்கு மாதம் நான் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்படிப்பட்டவளின் பேச்சுரிமைக்காக நானே போய்ச் சண்டை போட்டேன் என்றால் என் தலையெழுத்தை என்னவென்று சொல்வது!

அப்போது நாங்கள் பெங்களூர் அல்சூரில் ஏரிக்குப் போகிற சந்தில் இருந்தோம். தொண்ணூற்று நான்கோ ஐந்தோ. ஒரே காம்பவுண்டுக்குள் ஏழு குடித்தனம், ஒரே குழாய். முன்பக்கத்துப் பெரிய வீட்டில் இருந்த ஓனரம்மா காலையில் மோட்டார் போட்டால் மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறும். அங்கிருந்து எங்கள் குழாய்க்கு வரும். அரை மணி நேரம் போடுவதாகச் சொல்லிக்கொள்வார்.

"எங்க அரை மணி? கால் மணிதான் ஓடுது. கரண்டு மிச்சம் பண்றா, கஞ்சப் பிசினாரி" என்று மூன்றாம் வீட்டுக்காரி ஒரு நாள் குடத்தை நங்கென்று வைத்தாள். அவள் சொன்னது உண்மை என்று ஏழு வீட்டுக்கும் தெரியும். சொல்ல அவளுக்கு மட்டும்தான் வாய் இருந்தது.

மறுநாளே குழாய்க்கு மேலே பழைய காலண்டர் அட்டை தொங்கியது. 'இங்கே பேசக் கூடாது.' மூன்றாம் வீட்டுக்காரி மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும் என்றும் ஓனரம்மா சொல்லிவிட்டார். அவளுடைய பெரிய பெண் அந்த வருஷம் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுத வேண்டியவள்.

எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன்? ஒழிந்தது சனியன் என்று கேசரிகூடக் கிண்டினேன். வாயில் வைத்தால் இறங்கவில்லை. இன்றைக்கு அவள் வாய்க்குப் பூட்டு என்றால் நாளைக்கு என் வாய்க்குத்தானே? எனக்கென்று இருந்த சொத்தே அது ஒன்றுதான்.

"அவ போனா உனக்கு நல்லதுதானே?" என்றார் என் வீட்டுக்காரர்.

"இட்லிய சொன்னதுக்கு அவள நான் கேட்டுக்கறேன். உண்மைய சொன்னதுக்கு அவள யாரும் கேக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு நேரே ஓனரம்மா வீட்டுப் படியேறினேன்.

"பேச்சு சுதந்திரம்னு நம்ம சட்டத்துலயே எழுதியிருக்கு ஓனரம்மா. ஸ்கூல்ல படிச்சிருக்கேன்."

"அது டெல்லில. இது என் காம்பவுண்டு."

"டெல்லில பேசறவனுக்கு எதுக்கும்மா சட்டம்? குழாயாண்ட பேசறவளுக்குத்தான் வேணும். உலை வாய மூடலாம், ஊர் வாய மூட முடியுமா?"

ஓனரம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. ரோஷம் வந்தால் அவருக்குப் பேசுவதுகூடக் கன்னடத்தில் மாத்தாடுவதாகிவிடும். "மூடிக் காட்டறேன். மாசக் கடைசி வரைக்கும் குழாயாண்ட யாரும் மாத்தாடக் கூடாது. அப்படி இருந்தா அவ இருக்கட்டும். அவ வாய்லேர்ந்து ஒரு வார்த்த வந்துது, அன்னிக்கே பெட்டிய கட்டணும்."

ஒருத்திக்காக வாதாடப் போய் ஏழு வீட்டுக்கும் வாய்ப்பூட்டு வாங்கி வந்த ஒரே வக்கீல் நான்தான்.

அடுத்த இரண்டு வாரம் குழாயடியில் எல்லாம் கை ஜாடை. ஆறாம் வீட்டுக்காரி தன் கணவருக்குப் பல்வலி என்று நடித்துக் காட்டினாள். அவர் வீட்டை விட்டு ஓடிவிட்டார் என்று புரிந்துகொண்டு நான் கண்ணீர் விட்டேன். மூன்றாம் வீட்டுக்காரி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு தண்ணீர் பிடித்தாள். பார்க்கப் பாவமாக இருந்தது. கொஞ்சம் நன்றாகவும் இருந்தது.

மாதம் முடிய மூன்று நாள். ஓனரம்மா தன் கிரில் கேட்டுக்குள் கட்டிலில் வேட்டி விரித்து, மகளின் மாமியார் வீட்டுக்கு அனுப்ப அரிசி வடகம் காயவைத்திருந்தார். மாடித் தொட்டி வழிந்தால் தண்ணீர் கொட்டுகிற குழாய்க்கு நேர் கீழே! அந்தத் தொட்டி அவர் ஆட்சியில் ஒரு நாளும் வழிந்ததில்லையே, அவருக்கு எப்படித் தெரியும்? அன்று பார்த்து மகளிடமிருந்து போன். மோட்டார் ஓடுகிறது, ஓனரம்மா உள்ளே பேசுகிறார், பேசுகிறார். கேட் பூட்டியிருக்கிறது.

முதலில் சொட்டியது. பிறகு ஒழுகியது. நாங்கள் ஏழு பேரும் அட்டையைப் பார்த்தோம், கட்டிலைப் பார்த்தோம். எனக்கு உள்ளூரக் குஷி. பேசக் கூடாதென்றால் பேசக் கூடாதுதானே! மூன்றாம் வீட்டுக்காரியின் முகம் சிவந்தது. நான் பாய்ந்து போய் அவள் வாயைப் பொத்தினேன். கையைத் தட்டிவிட்டாள்.

"அடியே ஓனரம்மா! மோட்டார நிறுத்துடி! வடகம் கூழாப் போவுது!"

"டி"யைக் கேட்டு ஏரிக்கரை நாய்களே குரைத்தன. முடிந்தது கதை, பெட்டி கட்ட வேண்டியதுதான். ஓனரம்மா ஓடி வந்தார், மோட்டாரை நிறுத்தினார், கட்டிலை இழுத்தார். பாதி வடகம் பிழைத்தது. ஈரக் கையோடு குழாயடிக்கு வந்து அவளையே பார்த்தார்.

"என்ன சொன்ன?"

"மோட்டாருன்னு சொன்னேன்."

"அதுக்கப்புறம்?"

அவள் முந்தானையை எடுத்து மறுபடி வாயில் திணித்துக்கொண்டாள். ஓனரம்மா அட்டையைப் பிய்த்து அக்குளில் இடுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். காலி செய்கிற பேச்சு அதன் பிறகு எழவில்லை.

மறுநாள் காலை குழாயடியில் திருவிழாக் கூட்டம். மூன்றாம் வீட்டுக்காரி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தாள். "இந்த அஞ்சாம் வீட்டுக்காரி எனக்காக ஓனரம்மாகிட்ட போய் சண்ட போட்டிருக்கா. தங்கமான மனுஷி." நான் குடத்தை இடுப்பில் ஏற்றி நிமிர்ந்து நின்றேன். "ஆனா அந்த இட்லி இருக்கே..."

குடத்தை இறக்கி வைத்தேன். அவள் ரசத்தைப் பற்றி நான்கு மாதமாகச் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் சொன்னேன், தண்ணீர் நிற்கிற வரைக்கும். அன்று முழு அரை மணி நேரம் வந்தது.