எம்.பி.யின் ஜீப்பும் என் காரும்

எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. இன்று அரியலூரில் சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற லாரிகளில் என் பெயர் எழுதாத லாரியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எல்லாம் நானே உண்டாக்கியது. ஆனால் முதன்முதலில் ஸ்டியரிங்கை என் கையில் கொடுத்தவர் ஒருவர் உண்டு. எங்கள் பக்கத்து எம்.பி., இரண்டு தடவை ஜெயித்து டில்லிக்குப் போனவர்.

அவருடைய ஜீப்பை ஆறு வருஷம் ஓட்டினேன். என்னைப் போல ஓட்ட அன்றைக்கு ஜில்லாவிலேயே ஆள் கிடையாது. டில்லியிலிருந்து ரயிலில் வந்து இறங்கினால் அவர் வீட்டுக்குப் போக மாட்டார். குரும்பலூர், பெரம்பலூர், செந்துறை என்று சுற்றுவோம். ரோட்டில் யார் கை காட்டினாலும் ஜீப் நிற்க வேண்டும். அது அவர் வழக்கம்.

“ஐயா, மீட்டிங்குக்கு நேரமாச்சுங்க. இந்தம்மா நமக்கு ஓட்டே போடலீங்க” என்பேன்.

“ஓட்டாடா நடந்து போவுது? காலுதானடா நடக்குது. நிறுத்துடா.”

எந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கூரை இல்லை, எந்த ஊரில் கிணறு வற்றியது என்பதெல்லாம் பின் சீட்டில் ஏறியவர்கள் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். நாலு கோழி, ஒரு ஆட்டுக்குட்டியோடு கூட்டத்துக்குப் போய் இறங்கியிருக்கிறோம்.

மூன்றாம் தடவை தோற்றார். ஜீப்பை விற்றார். எனக்கு லாரி பர்மிட் வேண்டியிருந்தது, ஜெயித்த கட்சியோடு சேர்ந்துகொண்டேன். சீக்கிரமே சொந்தக் கார், முன்னால் அவர்கள் கொடி.

ஒரு நாள் மத்தியானம் செந்துறையிலிருந்து வந்துகொண்டிருந்தேன். புளியமரத்தடியில் சின்னக் கூட்டம். அதற்கு முன்னால் அவர். கை காட்டினார். என் பக்கத்தில் இருந்த கட்சிக்காரன், “யாருண்ணே அது, ஒங்க பழைய மொதலாளியா?” என்று சிரித்தான். நான் பிரேக்கை மிதிக்கவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். அந்தக் கை இறங்கவே இல்லை.

போன மாதம் செந்துறைப் பள்ளிக்கூடத்தில் அவர் படத்தைத் திறந்துவைத்தேன். படமும் பந்தலும் என்னுடையதுதான். அவருடைய மகள் வந்திருந்தார், தலை முழுக்க நரைத்துவிட்டது. மேடை ஏறும் முன்பு என்னிடம் சொன்னார்:

“பதவி போனதுக்குக்கூட அப்பா வருத்தப்படலண்ணே. ஒருநா புளியமரத்தடியில ஒரு புள்ளத்தாச்சி வலியில துடிச்சிச்சாம். பஸ்ஸு போயிடுச்சு. ஒரு காருக்குக் கை காட்டியிருக்காரு, நிக்கல. மாட்டுவண்டியில போறதுக்குள்ள புள்ள செத்துப் போச்சு. ‘எம்.பி.யா இருந்தப்ப இந்த ரோட்டுக்கு இன்னொரு பஸ்ஸு வாங்காம வுட்டுட்டனே’ன்னு சாவுற வரைக்கும் தன்னைத்தான் திட்டிக்கிட்டாரு.”

“யாரு காருன்னு சொன்னாராம்மா?”

“கேட்டேன். பாக்கலன்னுட்டாரு.”

பார்த்தார். நேருக்கு நேராகப் பார்த்தார்.

மேடையில் அரை மணி நேரம் பேசினேன். கோழி, ஆட்டுக்குட்டி எல்லாம் சொல்லிச் சிரிக்கவைத்தேன். யார் கை காட்டினாலும் நிறுத்துவார் என்றதும் கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று. மகள் முதல் வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அங்கே எனக்கு வாய் வரவில்லை. இங்கே எழுதிவிடுகிறேன்.

தங்கச்சி, அது என் கார்தான்.