கடலைக்குத் துள்ளும் கல்லூரி அணி

“ஆளுக்குப் பின்னால ஓடாதீங்க மகன், பந்துக்குப் பின்னால ஓடுங்க!” என்று கத்தியபடி எல்லைக்கோட்டோரமாக ஓடிக்கொண்டிருக்கிறார் மஸாஹிரா டீச்சர். கையில் பூப்போட்ட குடை. வெயிலோ மழையோ, அது விரிந்தே இருக்கும். அதற்குள் வேறு எவருக்கும் இடமில்லை. ஒருமுறை கல்லூரி அதிபரே தூறலுக்குப் பயந்து தலையை நுழைக்கப் பார்த்தார். “சேர், பந்து மறைக்குது” என்று சொல்லிவிட்டு டீச்சர் குடையோடு அப்பால் நகர்ந்துவிட்டார். அதிபர் நனைந்தார்.

கண்டியிலிருந்து பல்லேகல போகும் வழியில், சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கல்லூரி அது. மைதானமும் சரிவுதான். பந்தை நடுவில் வைத்துவிட்டுக் கையை எடுத்தால், அது தன்பாட்டில் உருண்டு, வாசல் படலையைத் தாண்டி, மருந்து விற்கும் என் பாமசிப் படியில் வந்து நிற்கும். பந்தைத் தேடி வந்த வகையில்தான் டீச்சர் எனக்குப் பழக்கம்.

அவர் படிப்பிப்பது மனையியல். உதைபந்தாட்ட அணிக்குப் பொறுப்பாசிரியர் ஆன கதை மிகச் சுருக்கம்: பொறுப்புகளைப் பங்கிட்ட கூட்டத்துக்கு அவர் போகவில்லை. வராதவர் தலையில் கட்டிவிடுவது எங்கள் பாடசாலைகளில் எழுதப்படாத சட்டம். இருந்த ஒரு பயிற்றுநரையும் பெரிய கல்லூரியொன்று கூப்பிட்டுக்கொண்டது. ஆக, பயிற்சியும் டீச்சர்தான்.

முதல் வேலையாக வெள்ளைச் சட்டைகளை வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைத்தார். கூடவே மனையியல் அறையின் சிவப்பு மேசைவிரிப்பும் ஊறியிருக்கிறது. அந்தப் பருவம் முழுவதும் எங்கள் பிள்ளைகள் ரோஸ் நிறத்தில் ஆடினார்கள். எதிரணிகள் சிரித்தபோது டீச்சர் அசரவில்லை. “சுத்தமா ஈக்கா இல்லயா? அதப் பாருங்க.”

பேக்கரிப் பணிஸுக்குத் தடை போட்டார். இடைவேளையில் ஆளுக்கொரு கோப்பை இலைக்கஞ்சி கொடுத்தார். கஞ்சி குடித்த பிள்ளைகள் இரண்டாம் பாதியில் கல்யாண வீட்டில் சாப்பிட்டு எழுந்தவர்களைப் போல நடந்தார்கள் என்பதை நான் சொல்லித்தான் ஆகவேண்டும். சொன்னேன். “மெதுவா ஓடினாலும் மயங்கி விழல்லயே அண்ணன்” என்றார்.

ஓப்சைட் விதியை விளக்கப் போய் நான்தான் களைத்தேன். மாத்திரைப் பெட்டிகளைக் கண்ணாடி மேசையில் பரப்பி, இது நம்ம ஆள், இது எதிராளி என்று நகர்த்தி நகர்த்திக் காட்டினேன். டீச்சர் கன்னத்தில் கைவைத்துக் கேட்டார். கல்யாண வீட்டில் நாலைந்து பேர் சுற்றியிருந்து உண்ணும் பெருந்தட்டு சஹன். “அப்ப, சோறு வர முந்தி சஹன்ல கை வெக்கப் படாது. அவ்வளவுதானே?” என்றார். அவ்வளவுதான். நான் பெட்டிகளை அடுக்கி வைத்தேன்.

அவருடைய பெரிய கண்டுபிடிப்பு சமையல் பாஷை. தமிழில் கத்தினால் பாதி எதிரணிக்கு விளங்கும். சிங்களத்தில் கத்தினால் எல்லோருக்கும் விளங்கும். ஆகவே, குறுக்கும் மறுக்குமாகப் பந்தைக் கொடுத்து வாங்க ‘இடியப்பம்’. எல்லோரும் பின்னால் வந்து கோலை மறைக்க ‘மூடி’. ஒருவர் விடாமல் முன்னால் பாய ‘கடலை’. “சட்டியில கடலையப் போட்டா எல்லாம் ஒண்டாத்தானே துள்ளும்? கோல்காப்பாளர் மட்டும் சட்டி. கடலை துள்ளினாலும் சட்டி துள்ளப் படாது.” விருந்தின் கடைசியில் வருவது என்பதால் கோலுக்கு அடிக்க ‘வட்டிலப்பம்’. சொல் கேட்காமல் எவனும் தன்னிஷ்டத்துக்கு எதையும் செய்யக்கூடாது.

இத்தனை ஏற்பாடும் இருந்தும் சென்ற பருவத்தில் ஆடிய போட்டியெல்லாம் தோல்வி. தோற்றாலும் பரவாயில்லை, ஒரு கோல்கூட இல்லை. ‘வட்டிலப்பம்’ என்ற சொல்லுக்கு வேலையே வரவில்லை. கடைசிப் போட்டிக்கு முந்திய நாள் அதிபர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: “ஒரு கோலாவது அடிச்சுக் காட்டுங்க டீச்சர். இல்லாட்டி அடுத்த வருசம் உதைபந்து இல்ல. புள்ளைகள் உள்ளுக்க இருந்து கரம் போட் விளையாடட்டும்.”

அன்று பின்னேரம் தொண்டைக்கு மாத்திரை வாங்க வந்தவர் நெடுநேரம் போகாமல் நின்றார். “இதுல பாதிப் பேர் என்ட வகுப்புல தூங்குற புள்ளைகள் அண்ணன். பந்தக் கண்டாத்தான் முழிக்கிறாங்க. முழிக்கிற அந்த ஒரு எடத்தயும் மூடிட்டா எங்க போற?” நான் மாத்திரைக்குக் காசு வாங்கவில்லை. அந்தப் பிள்ளைகளை விட அவரை நினைத்துத்தான் எனக்குக் கவலையாக இருந்தது.

மறுநாள் போட்டி இந்தச் சரிவு மைதானத்திலேயே நடந்தது. நான் கடையை மருமகனிடம் விட்டுவிட்டுப் படலையோரம் நின்றேன். இரண்டாம் பாதியில் எங்கள் கோல் மேட்டுப்பக்கம். இரண்டு கோல் வாங்கியாயிற்று. டீச்சர் போட்ட சத்தத்தில் நடுவரே வந்து, “மிஸ், பொட்டக் இந்தகன்ன” என்று உட்காரச் சொல்லிக் கெஞ்சினார். “நான் உட்கார்ந்தா இவங்க படுத்துருவாங்க” என்று தமிழில் பதில் போனது.

ஆட்டம் முடியும் தறுவாயில் எதிரணிக்கு, மைதான மூலையிலிருந்து ஒரு கோணர் உதை. அவர்களில் பெரும்பாலானோர் எங்கள் கோல் வாசலில் குவிந்துவிட்டார்கள். “மூடி! மூடி!” என்று டீச்சர் அலற, எங்கள் பிள்ளைகளும் அங்கே குவிந்தார்கள். உதைப்பவன் பந்தை நோக்கி ஓடி வருகிறான். அந்த நேரம் பார்த்து, தலையில் தட்டோடு படலைக்குள் நுழைந்தார் நடராஜா.

“கடலை! கடலை! சூடான கடலை!”

டீச்சரின் தொண்டை அன்று கட்டியிருந்தது. நடராஜாவின் குரலோ பல வருடம் பஸ் தரிப்பிடத்தில் பழகியது. கோல்காப்பாளன் பஹீமைத் தவிர ஒட்டுமொத்த அணியும் துள்ளிக்கொண்டு சரிவில் பாய்ந்தது. எதிரணிப் பிள்ளைகள் என்ன நினைத்தார்களோ, பாதிப் பேர் அவர்களோடு சேர்ந்து ஓடினார்கள். உதைத்த பந்து ஆளில்லாத இடத்தில் தாவி வந்து பஹீமின் கையில் விழுந்தது. அவன் ஓங்கி உதைத்தான். மிச்சத்தைச் சரிவு பார்த்துக்கொண்டது.

பந்து உருண்டு உருண்டு எங்கள் அணியின் ஆகிப்பின் காலடிக்கு வந்தது. அவன் ஓடிக்கொண்டிருந்தவர்களை முந்திவிட்டான். முன்னால் எதிரணியின் கோல்காப்பாளன் மட்டும். ஆகிப் என்ன செய்தான் தெரியுமா? பந்தைக் காலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு டீச்சரைத் திரும்பிப் பார்த்தான். கட்டளை வரவில்லையே!

“வட்டிலப்பம்! வட்டிலப்பம்!” என்று டீச்சர் இருந்த குரலையெல்லாம் திரட்டிக் கத்தினார்.

நடராஜா தட்டை இறக்கினார். “அது நம்மகிட்ட இல்லீங்க டீச்சர். கடலை மட்டுந்தான்.”

கோல்!

எல்லோரும் கோட்டு நடுவரைப் பார்த்தார்கள். கொடி எழவில்லை. “சோறு வந்த பொறகுதான் கை வெச்சான், நான் பாத்தேன்” என்று டீச்சர் எல்லோருக்கும் சொன்னார். பாதிக் குரல் காற்றாகவே வந்தது. இரண்டுக்கு ஒன்று என்று தோற்ற அணி ஆகிப்பைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனது. எதிரணி ஏன் வென்றோம் என்று தெரியாமல் நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்?

அதிபர் சும்மா விடவில்லை. “அது கடலைக்காரன் அடிச்ச கோல் டீச்சர்” என்றார்.

“சேர் கேட்டது கோல். ஆரு சமைச்சதெண்டு கேக்கல்லயே.”

கரம் பலகைகள் வந்தபாடில்லை. இந்த வருடமும் பருவம் தொடங்கிவிட்டது. சட்டைகள் இன்னும் ரோஸ்தான். முதல் போட்டியன்று நல்ல மழை. நான் படலைக்குப் போனபோது ஆட்டம் சமநிலை, எதிரணிக்குக் கோணர் உதை. அதிபர் தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு நனைந்துகொண்டிருந்தார். டீச்சரும்தான் நனைந்துகொண்டிருந்தார். பூப்போட்ட குடை நடராஜாவின் தலைக்கும் கடலைத் தட்டுக்கும் மேலே விரிந்திருந்தது. கண்ணைப் பந்திலிருந்து எடுக்காமல், டீச்சர் மற்றக் கையை நடராஜாவின் வாய்க்கு நேரே உயர்த்திப் பிடித்திருந்தார், கொஞ்சம் பொறு என்று.